கூட்டாளிமாரோடு ஊரில் ஒரு வீடு: இரண்டு கொப்பிக் கணக்கு

கோடை விடுமுறை நெருங்கினால் ஒஸ்லோவில் எங்கள் கொண்டாட்டங்களில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "ஊரிலை வீடு கட்டினியளாம், எவ்வளவு முடிஞ்சது?" நான் கணக்காளன் என்பதால் உடனே ஒரு தொகையைச் சொல்வேன் என்று கேட்பவர் காத்திருப்பார். நான் திருப்பிக் கேட்பேன்: "எந்தக் கணக்கைச் சொல்ல? காசுக் கணக்கையோ, ஆள் கணக்கையோ?"

என்னிடம் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. ஒன்றில் சீமெந்து, மணல், கம்பி, ஓடு, கூலி என்று எல்லாம் ரூபாவில் எழுதியிருக்கிறேன். மற்றதில் யார் எந்த நாள் வந்தார், என்ன வேலை செய்தார் என்று எழுதியிருக்கிறேன். முதலாவது கொப்பியை யாரும் பார்க்கலாம். ஆனால் விலைகள் தலைகீழாக மாறிவிட்டதால் அது இன்று பெரிதாக உதவாது. இந்தக் கட்டுரை இரண்டாவது கொப்பியைப் பற்றியது. ஊரில் ஒரு சிறிய வீட்டைக் கூட்டாளிமாரின் கைகளோடு கட்ட நினைக்கும் எம்மவருக்கு, எந்த வேலையை எப்படிச் செய்யலாம், யாருக்குக் கூலி கொடுக்கவேண்டும், நான் எங்கே பிழை விட்டேன் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பிழைகளில் ஒன்றைத் திருத்த எனக்கு இனி வழியில்லை.

முதலில் காணி

எங்கள் காணி வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 ஜூனில் உடுத்த உடுப்போடு அங்கிருந்து கிளம்பினோம். அப்போது நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துக்கொண்டிருந்தேன். பட்டத்தை முடித்து, அகதியாக நோர்வே வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் சில காலம் மீன் வெட்டி, பிறகு இந்த நாட்டுக் கணக்கியலை முதலிலிருந்து படித்தேன். அம்மாவும் அக்காவும் ஊரை விட்டு வெளியே வரவில்லை. சுன்னாகத்துப் பக்கம் வாடகை வீடு மாறி வாடகை வீடாக இருந்தார்கள். உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த எங்கள் துண்டு 2018 இல் விடுபட்டது. அம்மா போய்ப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னது: "கிணறு இருக்கு. மற்றது ஒண்டுமில்லை."

வேலி, எல்லைக்கல், ஒழுங்கை எதுவும் இல்லாத காணியில் கிணறுதான் சாட்சி. ஆனால் கிணற்றை மட்டும் நம்பி அத்திவாரம் வெட்ட முடியாது. உறுதியைத் தேடி எடுத்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லைகளைத் திரும்பப் பிடிக்கவேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம் என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தாமல் பற்றை வெட்டக்கூட இறங்கக்கூடாது.

அடுத்தது, காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. நெருங்கிய உறவினரிடமிருந்து வருவதற்கும் இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் விலக்குகள் உண்டு. நோர்வே 2020 ஜனவரி 1 இல்தான் இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது. நாங்கள் கட்டத் தொடங்கியது 2019 இல். ஆகவே காணி அம்மாவின் பெயரிலேயே இருந்தது, அதுவே நல்லதாகவும் போனது. உங்கள் நிலை வேறாக இருக்கலாம். கல்லுக்குச் செலவழிக்க முன்னர் நொத்தாரிசுக்குச் செலவழியுங்கள்.

சின்னதாக நினையுங்கள்

கூட்டாளிமாரை நம்பிக் கட்டும் வீடு சிறிதாக இருக்கவேண்டும். மாடி, தொங்கும் தாழ்வாரம், வளைந்த சுவர் எல்லாம் ஒப்பந்தகாரருக்கும் பொறியியலாளருக்கும் உரிய வேலை. நாங்கள் எடுத்த அளவு 24 அடிக்கு 20 அடி. இரண்டு அறை, ஒரு விறாந்தை, நடுவில் ஒரு சிறிய கூடம். குசினி பின்னால் தனியாக. ஆசாரி வந்து நிலையம் எடுத்தார். வரைபடத்துக்குப் பிரதேச சபையில் அனுமதி எடுத்தோம். இந்த இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. இரண்டையும் செய்துவிடுங்கள்.

காசைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதற்கு நல்லதொரு முன்மாதிரி எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் 50,000 வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். வடக்கு கிழக்கில் பெரும்பாலானவை வீட்டுக்காரரே நின்று கட்டும் முறையில் அமைந்தன. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு தவணையாக வங்கிக் கணக்குக்குப் போனது. அத்திவாரம் முடியாமல் சுவருக்குக் காசு வராது. நானும் அப்படியே அத்திவாரம், சுவர், கூரை, நிலம் என்று நான்கு உறைகளாகப் பிரித்தேன். ஒரு உறையிலிருந்து மற்றதுக்குக் கடன் வாங்குவதில்லை என்பது கட்டளை.

நூலும் தண்ணீர்க் குழாயும்

முதல் நாள் வந்தவர்கள் ஐந்து பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவன், கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன் ஒருவன், வெங்காயத் தோட்டம் செய்பவன் ஒருவன், விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வந்திருந்த ஒருவன், அத்தோடு மேசன். ஐந்து பேரும் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மேசன் எட்டாம் வகுப்போடு நின்றவன். எங்களில் வீடு கட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

வீட்டின் மூலை சரியான செங்கோணமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 12 அடி அளந்து முளை அடியுங்கள். இரண்டு முளைக்கும் இடைப்பட்ட தூரம் 15 அடியாக இருந்தால் மூலை சரி. நாலு மூலையும் அடித்த பிறகு குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 24 க்கு 20 அடி வீட்டில் இரண்டு குறுக்களவும் ஏறத்தாழ 31 அடி 3 அங்குலம் வரவேண்டும். எங்களுக்கு முதல்முறை ஒன்று மற்றதைவிட நாலு அங்குலம் கூட வந்தது. "கணக்கு வாத்தியும் கணக்காளரும் நிண்டு அடிச்ச முளை" என்று மேசன் சிரித்துவிட்டுத் திரும்ப அடித்தான்.

மட்டம் பார்க்கத் தெளிவான பிளாஸ்ரிக் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, இரண்டு நுனியையும் இரண்டு மூலையில் பிடித்தால் போதும். இரண்டு பக்கத் தண்ணீரும் நிற்கும் உயரம் ஒன்றேதான். குழாய்க்குள் காற்றுக் குமிழ் நின்றால் மட்டம் பொய் சொல்லும். அதைத் தட்டி வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கல்லரிதல்

பழக்கமில்லாத கைகள் அதிகம் உதவக்கூடிய வேலை இதுதான். எங்கள் சீமெந்துக் கல்லின் அளவு 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 6 அங்குலத் தடிப்பு. சாந்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு சதுர அடிச் சுவருக்கு ஏறத்தாழ ஒரு கல் போகும். இது மனதில் வைத்திருக்க நல்ல கணக்கு. எங்கள் வெளிச்சுவர் சுற்றளவு 88 அடி, உள்ளே 40 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 1,280 சதுர அடி. கதவு, யன்னல் வெளிகளைக் கழித்தால் 1,100 அளவில் வரும். கூரை முக்கோணச் சுவருக்கும் உடைவுக்கும் சேர்த்து 1,250 கல் அரிந்தோம்.

கலவை குழைக்கும்போது எல்லோரும் விடும் பிழை தண்ணீரைக் கூட ஊற்றுவது. தண்ணீர் கூடினால் மண்வெட்டிக்கு இலகு, கல்லுக்குக் கேடு. கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடுக்கால் வழியக்கூடாது. மணலை வாயில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் ஏற்றி வந்த லொறியைத் திருப்பி அனுப்புங்கள். உப்பு மணல் பின்னாளில் சுவரில் பூத்து வரும், கொங்கிறீற்றுக்குள் கம்பியைத் தின்னும். குழைக்கும் தண்ணீரும் சவராக இருக்கக்கூடாது.

அரிந்த கல்லை வெயிலில் காயவிட்டால் கெதியாக இறுகும் என்று நான் நினைத்திருந்தேன். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே நிழலில் வைத்து, சாக்குப் போட்டு, குறைந்தது ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் நனைக்கவேண்டும். இந்த வேலையை எங்கள் ஆசிரியர் பொறுப்பெடுத்தான். விடிய ஐந்தரைக்குச் சைக்கிளில் வந்து நனைத்துவிட்டுப் போவான். அவன் கொடுத்த நாட்களில் அரைவாசிக்கு மேல் தண்ணீர் ஊற்றிய நாட்கள்தான். பார்ப்பதற்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. ஆனால் கல்லின் பலம் அங்கேதான் இருக்கிறது.

அத்திவாரமும் சுவரும்

வலிகாமத்தில் சிவப்பு மண்ணை ஒன்றிரண்டு அடி தோண்டினால் சுண்ணாம்புக்கல் முட்டும். இது வீடு கட்டுபவருக்கு வரம். அதே கல்லை நம்பித்தான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கியது. 1990 இல் அது மூடப்பட்டது. ஒரு காலத்தில் நாட்டுக்கே சீமெந்து கொடுத்த மண்ணுக்கு நாங்கள் வெளியிலிருந்து வந்த மூட்டைகளை லொறியில் இறக்கினோம்.

பழைய வீட்டின் சுவர்கள் எப்போதோ விழுந்து மண்ணோடு கிடந்தன. நிலையும் மரமும் ஓடும் போய்விட்டன. கற்களை யாரும் கொண்டுபோகவில்லை. பற்றைக்குள் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒட்டியிருந்த பழைய சுண்ணாம்புச் சாந்தைத் தட்டி எடுத்து, புது அத்திவாரத்துக்குள் போட்டோம். அதைச் செய்ய நாலு நாள் எடுத்தது. கல் வாங்கியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். அம்மா ஒரு கதிரையைப் போட்டுக் கிணற்றடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "அது சாமியறைக் கல்லு, கிழக்காலை போடுங்கோ" என்றா. எப்படி அடையாளம் கண்டா என்று நாங்கள் கேட்கவில்லை. கிழக்கே போட்டோம்.

அத்திவாரத்தின் தலையில் ஈரம் மேலேறாமல் ஒரு தடுப்புப் படை போடவேண்டும். நல்ல சீமெந்துக் கலவையும் அதன்மேல் தார்ப் பூச்சும் போதும். இதை மிச்சம் பிடித்தால் மாரிக்கு மாரி சுவரில் ஈரம் ஏறும். சுவர் கட்டும்போது மூலைகளை மேசன்தான் எழுப்பவேண்டும். மூலைகளுக்கு நடுவே நூல் பிடித்து இடையில் கல் வைப்பதைப் பழகியவர் செய்யலாம். ஒரு நாளில் நாலு அடிக்கு மேல் உயர்த்தக்கூடாது. கீழ்ச் சாந்து இறுகமுன் மேலே பாரம் ஏற்றினால் தூக்குக்குண்டு காட்டிக்கொடுக்கும். கதவு, யன்னலுக்கு மேலே கம்பி கட்டி ஒரு சுற்று கொங்கிறீற் வளையம் போட்டோம். கலவை ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சல்லி.

யாருக்குக் கூலி, யாருக்குச் சாப்பாடு

இனி நான் விட்ட பிழைகளுக்கு வருகிறேன்.

நோர்வேயில் 'டுக்னாட்' என்று ஒரு வழக்கம் உண்டு. குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரு நாள் கூடி முற்றம் துப்பரவாக்குவார்கள், வேலிக்கு வர்ணம் அடிப்பார்கள், கோப்பி குடித்துக் கலைவார்கள். யாரும் காசு வாங்குவதில்லை. 2004 இல் இதையே தங்கள் தேசியச் சொல்லாகத் தெரிவு செய்தார்கள். எங்கள் ஊரிலும் வீடு வேய்தலும் வேலி அடைத்தலும் அப்படித்தானே நடந்தது, கஞ்சியும் வடையும் கொடுத்தால் ஒழுங்கை முழுவதும் வருமே என்ற நினைப்போடுதான் நான் போனேன். கூலி பற்றி எவரோடும் கதைக்கவில்லை. மேசனோடும் கதைக்கவில்லை. ஒன்றாகப் படித்தவன், ஒரே மாமரத்தில் கல்லெறிந்தவன் என்பது என் நினைப்பு.

நாலாம் நாள் மேசன் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. அச்சுவேலியில் வேறு வேலைக்குப் போகிறான் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான்: "மச்சான், எனக்குப் பென்சன் வருது. நான் வந்து நிப்பன். அவன் ஒரு நாள் வேலைக்குப் போகாட்டி அண்டைக்கு வீட்டிலை உலை வைக்கேலாது. அவன் உன்னட்டைக் கேக்கமாட்டான். நீதான் கதைச்சிருக்கோணும்."

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். ஊரில் மேசனுக்கு என்ன நாட்கூலியோ அதுவே, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கையில், உதவியாளுக்கும் அப்படியே என்று ஒழுங்குசெய்தோம். வந்த மூன்று நாளுக்கும் கணக்குத் தீர்த்தேன். அவன் காசை எண்ணவில்லை. "நாளைக்கு லிண்டல் கம்பி பாக்கோணும்" என்று மட்டும் சொன்னான்.

இரண்டாவது பிழை இதற்கு நேரெதிர். 2019 ஓகஸ்டில் சுவர் முடிந்து நான் திரும்பும் நாள். படித்த பாடத்தை எல்லோருக்கும் பாவிக்கலாம் என்று, ஆசிரியருக்கும் தோட்டக்காரனுக்கும் கூட்டுறவுச் சங்கத்தானுக்கும் ஆளுக்கொரு உறை கொடுத்தேன். உள்ளே அவரவர் நாட்கணக்குப்படி காசு. தோட்டக்காரன் உறையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வாங்கின் மேல் வைத்துவிட்டுப் போனான். ஆசிரியர் என் சேர்ட் பொக்கற்றுக்குள் திருப்பி வைத்தான். "நான் உன்னட்டைக் கூலிக்கு வரேல்லை."

ஆகவே என் பட்டறிவில் நான் தரும் முறை இதுதான். உழைப்பை விற்று வாழ்பவரிடம் உழைப்பை இலவசமாகக் கேட்கக்கூடாது. அவர் எவ்வளவு நெருங்கிய கூட்டாளியாக இருந்தாலும் ஊர்க் கூலியை முதல் நாளே, நீங்களாகவே கதைத்துவிடுங்கள். வெளிநாட்டுக்காரர் என்று கூடக் கொடுக்கவும் வேண்டாம். அது அடுத்த வீட்டு ஏழைக்குக் கூலியை ஏற்றிவிடும். வேறு வருமானம் உள்ளவர் தன் நாளைத் தந்தால் அது கைமாற்று. காசுக் கைமாற்றைக் காசாகத் தீர்ப்பதுபோல, நாள் கைமாற்றை நாளாகத்தான் தீர்க்கவேண்டும்.

கொப்பியில் இன்று நிற்கும் மொத்தம் இது. ஆசிரியர் 41 நாள், கூட்டுறவுச் சங்கத்தான் 28, தோட்டக்காரன் 23, பிரான்சுக்காரன் 12. இது 104. என்னுடையது 74. கூலிக்கு மேசன் 52, உதவியாள் 47, ஓடாவி 14. இது 113. எல்லாம் சேர்ந்து 291 ஆள்நாள்.

இந்தக் கணக்கை நான் பெருமையாக வாசித்தபோது ஆசிரியரின் மனைவி கேட்டா: "உங்கடை அக்கா எத்தினை நாள் எண்டு போட்டிருக்கிறியள்?" நான் போடவில்லை. விறகடுப்பில் ஆறு பேருக்கும் பத்துப் பேருக்கும் காலைத் தேநீரிலிருந்து மாலைக் கூழ் வரை சமைத்தவவுக்கு ஒரு நாள்கூட எழுதவில்லை. முப்பது வருடம் கணக்கெழுதுபவன் விட்ட பிழை. திருத்தி எழுதச் சொல்லி அக்காவிடம் நாட்களைக் கேட்டபோது, "போடா, எனக்கு வீடு கட்டினதுக்கு நான் கணக்குச் சொல்லுறதே" என்றா. அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

நின்றுபோன கூரை

2020 கோடையில் வந்து கூரை போடுவது என்பது திட்டம். மார்ச்சில் கொறோனாவால் விமானநிலையம் மூடப்பட்டது. கூரையில்லாச் சுவருக்கு மழை பெரிய எதிரி. சுவர்த் தலையால் தண்ணீர் இறங்கினால் சாந்தைக் கரைக்கும். நான் சொல்லாமலே கூட்டாளிமார் சுவர்த் தலை முழுவதற்கும் சாந்து பூசி, வெளியே நின்ற கம்பி நுனிகளுக்குச் சீமெந்துப் பால் தடவிவிட்டார்கள். இப்படி வேலை இடையில் நின்றால் நீங்களும் இந்த இரண்டையும் செய்யவேண்டும்.

ஓகஸ்டில் ஊரடங்கு தளர்ந்திருந்த நேரம் ஆசிரியர் தொலைபேசி எடுத்தான். "மரத்துக்கும் ஓட்டுக்கும் காசை அனுப்பு. நாங்கள் கூரையைப் போட்டுவிடுறம். அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறா."

காசு உறையில் இருந்தது. அனுப்பியிருக்கலாம். ஆனால் இது என் கையால் கட்டும் வீடு என்று இங்கே எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். முகட்டில் கடைசி ஓட்டை நான் வைக்கவேண்டும் என்று நினைத்தேன். "கொஞ்சம் பொறுங்கோ, அடுத்த வருசம் நான் வந்திடுவன்" என்றேன். அவன் சரி என்றான். வற்புறுத்தவில்லை.

அடுத்த வருடமும் போகமுடியவில்லை. 2022 ஜனவரியில் அம்மா சுன்னாகத்து வாடகை வீட்டில் காலமானா. செத்தவீட்டை ஒஸ்லோவில் இருந்து கைப்பேசியில் பார்த்தேன். அந்த ஆண்டு நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. சீமெந்து மூட்டை 2019 இல் இருந்த விலையின் இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த விலையேற்றம் முதலாவது கொப்பியில் ஒரு வரியாக இருக்கிறது. அம்மா கூரையின்கீழ் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை என்பதை இரண்டு கொப்பியிலும் எழுத இடமில்லை.

கையால் கட்டுவது நல்லது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஆனால் உங்கள் கையால்தான் கட்டவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். வீடு யாருக்காகக் கட்டப்படுகிறதோ அவருடைய வயதைக் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். கூட்டாளிமார் செய்கிறோம் என்று சொன்னால் அன்றே காசை அனுப்பிவிடுங்கள்.

ஓடு கைமாறிய நாள்

2023 ஜூலையில் கூரை போட்டோம். வளைக்கும் கைமரத்துக்கும் பனை எடுத்தோம். பனையின் நடுப்பகுதி சோறு. வெளிவட்டத்துக் கறுப்பு வைரம்தான் மரம். வயதான பனையில் அந்த வட்டம் தடிப்பாக இருக்கும். உங்கள் காணியில் நிற்கும் பனையாக இருந்தாலும் தறிக்க அனுமதி எடுக்கவேண்டும். அனுமதியில்லாத மரத்தை மலிவு என்று வாங்கவேண்டாம்.

ஓட்டுக் கணக்கு இப்படி. இறவாரத்தோடு கூரையின் தரையளவு 28 க்கு 24 அடி. சாய்வு இருப்பதால் உண்மையான பரப்பு அதைவிடக் கூட, எங்களுக்கு ஏறத்தாழ 750 சதுர அடி, அதாவது 70 சதுர மீற்றர் வந்தது. ஒரு சதுர மீற்றருக்கு 15 ஓடு அளவில் பிடித்தால் 1,050. உடைவுக்கும் சேர்த்து 1,120 வாங்கினோம்.

மரவேலை ஓடாவியின் பொறுப்பு. அதில் நாங்கள் கை வைக்கவில்லை. ஓடு ஏற்றும் நாள் மட்டும் ஊர் நாள். லொறி நின்ற இடத்திலிருந்து ஏணி வரை, ஏணியிலிருந்து முகடு வரை வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றினோம். ஒழுங்கையில் புதிதாகக் குடியேறிய பெடியள், ஆசிரியரின் மகள், அக்காவின் சிநேகிதிகள் என்று பதினெட்டுப் பேர். இப்படி வரிசையில் நிற்பவர் நடக்கக்கூடாது, திரும்பி மட்டும் கொடுக்கவேண்டும். இரண்டு இரண்டாகக் கொடுக்க ஆசை வரும், அங்கேதான் உடையும். கூரையின் இரண்டு பக்கத்தையும் சமமாக ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் மூடிவிட்டு மறுபக்கம் போனால் மரம் ஒரு பக்கம் தள்ளும். பின்னேரம் ஒடியற்கூழ். கடைசி முகட்டோட்டை மேசன் வைத்தான். என்னை மேலே வரச்சொல்லிக் கூப்பிட்டான். நான் கீழே நின்றேன்.

கூட்டாளிமார் தொடக்கூடாதவை

மின்சார இணைப்பை உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். "எனக்குத் தெரியும் மச்சான்" என்று சொல்லும் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். அவருக்குத் தேநீர் கொடுத்து இருத்துங்கள்.

மலசலகூடக் குழியை நாங்கள் முதலில் வெட்ட நினைத்த இடம் கிணற்றுக்குக் கிட்ட, வசதியான இடம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மறித்தார். எங்கள் சுண்ணாம்புக்கல் வெடிப்பும் துளையுமாக இருப்பதால் அழுக்கை மணலைப் போல வடிகட்டாது, நேரே நிலத்தடி நீருக்கு விட்டுவிடும். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கமுடியுமோ அவ்வளவு தள்ளி, அடியும் பக்கமும் சீமெந்து பூசிய தொட்டியாகக் கட்டினோம். அதற்குச் செலவு கூட. ஆனால் முப்பது வருடம் எங்களுக்காகக் காத்திருந்த கிணறு அது.

கடன் இருப்பு

அக்கா இப்போது அந்த வீட்டில் இருக்கிறா. பால் காய்ச்சிய அன்று அம்மாவின் படத்தைக் கிழக்கு அறையில் வைத்தோம், பழைய சாமியறைக் கல் இருக்கும் பக்கம்.

என்னுடைய கடன் 104 நாள். 2023 இல் கூரை முடிந்த பிறகு எனக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. தோட்டக்காரனின் வெங்காயம் கிண்டும் காலம். விடிய நாலரைக்குப் போய் அவனோடு ஆறு நாள் வரம்பில் குந்தியிருந்து வெங்காயம் கிண்டினேன். முதல் நாள் அவன் மனைவி சிரித்தா. மூன்றாம் நாள் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தா. போன கோடையில் கூட்டுறவுச் சங்கத்தானின் கிணற்றுக் கட்டைத் திருத்த ஐந்து நாள். பிரான்சுக்காரனுக்குப் பரிசில் அறை மாற வேண்டியிருந்தது. ரயிலேறிப் போய் இரண்டு நாள் அலுமாரி தூக்கினேன். மிச்சம் 91.

அதில் 41 ஆசிரியருடையது. அவனுக்கு நான் இன்னும் ஒரு நாளும் கொடுக்கவில்லை. கேட்டால் "இப்ப ஒரு வேலையும் இல்லை, பிறகு பாப்பம்" என்பான். கடந்த மாதம் அவனே எடுத்தான். மகளுக்குக் காணியின் பின்பக்கம் ஒரு சின்ன வீடு போடப்போகிறார்களாம். அத்திவாரம் சித்திரைக்குப் பிறகு, கல்லரியும் வேலை ஜூலையில்.

"நீ வாறதெண்டா வா" என்றான். "இல்லாட்டியும் நாங்கள் கட்டிப்போடுவம்."

பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். கல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எனக்கு. விடிய ஐந்தரைக்கு.